காசிக்கு வரும் வெண்சிறகு யாத்திரிகர்

காசியில் கங்கை வெள்ளம் வடிந்ததும் கேதார கட்டத்தின் படிகள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. தீபாவளிக்குப்பின் ஒரு விடியலில் நீர்மேல் கடற்காகங்கள் வெண்மையாய் மிதந்துகொண்டிருக்கும். படகோட்டிகள் இவற்றைச் ‘சைபீரியப் பறவை’ என்கின்றனர். அது முழு உண்மையன்று. இவற்றுள் பழுப்புத்தலைக் கடற்காகம் திபெத்து, லடாக் முதலிய உயர்ந்த மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து வருவது. கயிலை இருக்கும் நாட்டிலிருந்து காசிக்கு! குளிர்காலத்தில் தலையின் பழுப்பு மறைந்து, கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்பொட்டு மட்டும் எஞ்சியிருக்கும்.

“ஆவோ, ஆவோ” என்று படகோட்டி குரல் கொடுத்ததும் பறவைகள் படகைச் சூழ்கின்றன. யாத்திரிகர்கள் கைநிறையச் சேவு எறிகின்றனர். நம் ஓமப்பொடி போன்றதுதான். புண்ணியம் என்று எண்ணியே எறிகின்றனர். ஆயினும் மீனும் பூச்சியும் தின்று வாழும் உயிருக்கு, எண்ணெயில் பொரித்த உப்புப் பண்டம் ஆகாது. பங்குனிவாக்கில் அதே மலைகளைத் திரும்பக் கடக்க உடலில் வலு வேண்டுமே.

பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, பறவைகளைப் பார்த்தபடியே செல்வோரும் உண்டு. அத்தகைய படகைக் கடற்காகங்கள் சிறிது நேரம் சுற்றிவிட்டு, நடு ஆற்றுக்கு மீன் தேடிப் போய்விடுகின்றன.