காசு கொடுத்துப் பார்த்த வீடு

"பழைய வீட்டைப் பாக்க டிக்கெட்டா? நம்ம வீட்டைச் சும்மாவே இடிச்சோமே!"

கவுண்ட்டரில் அம்மா இப்படிச் சத்தமாகக் கேட்க, க்யூவே திரும்பிப் பார்த்தது. நான் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

இடம்: கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா. 1996-ல் திறந்த அருங்காட்சியகம். தென்மாநிலங்களில் இடிபட இருந்த பழைய வீடுகளை வாங்கி, பக்குவமாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

செட்டிநாட்டு வீட்டை "தூணு நல்லாருக்கு" என்று ஒரே வரியில் பாஸ் பண்ணிவிட்ட அம்மா, கேரளப் பகுதியில் ஒரு வீட்டுக்குள் அப்படியே நின்றுவிட்டாள். கோட்டயம் பக்கம் புதுப்பள்ளியிலிருந்து வந்த வீடு. 1850-ஐச் சேர்ந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்ப வீடு. எல்லாம் மரம். நெல் சேமிக்கிற அறையும் மரம்தான்.

"நம்ம பத்தாயமும் இப்படித்தான் இருந்துது மக்கா. பலகையை ஒண்ணொண்ணா உருவி நெல்லு அள்ளுவோம்..." என்று மரத்தைத் தடவினாள்.

எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். தாத்தா வீட்டுக்கு நாலு வாரிசு. பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது, பி.காம். படித்தவன் என்ற ஒரே தகுதியில் கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது. "தேய்மானம் போனா வீட்டுக்கு மதிப்பு பூஜ்யம். மனைக்குத்தான் விலை" என்று தீர்ப்புச் சொன்ன மகா அறிவாளி அடியேன்தான். உத்தரம், பலகை, பத்தாயம் எல்லாம் பழைய மரக்கடை லாரியில் ஏறின. நோட்டில் 'இதர வரவு' என்று ஒரே வரி எழுதினேன். கூட்டல் சரியாக இருந்தது!

அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது, புதுப்பள்ளிக்காரர்கள் வீட்டில் நின்றுகொண்டு கேட்டாள்: "பிரிச்சா திரும்பப் பூட்டலாம்னு அன்னைக்கு எவனும் சொல்லலியே மக்கா?"

சொல்ல வேண்டியவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

ராத்திரியே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். விலை படியாததால் வாசல் நிலை மட்டும் அவர் மாட்டுத் தொழுவத்தில் சாத்திக் கிடக்கிறது.

"அதை வித்துராதீங்க சித்தப்பா, நான் எடுத்துக்கிடுதேன்."

"எங்கடே கொண்டு வைப்ப?"

நியாயமான கேள்வி. நான் குடியிருப்பது இரண்டாவது மாடியில், வாடகை ஃபிளாட்டில். லிஃப்ட் கிடையாது.

இருந்தாலும், லாரி வாடகை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.