பிளேட்டுக்கு அடியில் நடப்பது

அக்காவின் முன்கை எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, நன்றாகக் கூடிய பிறகு பிளேட்டை எடுத்தார்கள். “இனிமேதாம்மா ஜாக்கிரதையா இருக்கணும். பிளேட் இருந்த இடத்துல எலும்பு கொஞ்ச நாளைக்கு பலமில்லாம இருக்கும்” என்றார் மருத்துவர். ஸ்குரூ இருந்த துளைகள் தூர்ந்துபோக நாளாகும் என்பது புரிந்தது. ஆனால், பிளேட்டுக்கு அடியில் முறியாமல் இருந்த எலும்பும் ஏன் நலிய வேண்டும்? அந்தக் கேள்வி என்னைப் பழைய ஆய்வுகளுக்குள் இழுத்துப்போனது.

முதல் விடை பெர்லினில் கிடைத்தது. எலும்பு, தான் சுமக்கும் பாரத்துக்கு ஏற்பத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று 1892இல் நூலாகவே எழுதினார் ஜூலியஸ் வோல்ஃப். எலும்பின் கெட்டியான புறப்பகுதியைவிட, பிளேட் செய்யும் ஸ்டீல் ஏறத்தாழ பத்து மடங்கு விறைப்பானது. பாரத்தைப் பிளேட் வாங்கிக்கொள்ள, வேலை குறைந்த எலும்பு மெலிகிறது என்று 1970களின் ஆய்வாளர்கள் பலர் விளக்கினார்கள்.

கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று இடித்தது. மெலியும் எலும்பில் நுண்துளைகள் பெருகுவது முதல் சில மாதங்களில். பிளேட் அங்கேயே இருக்கும்போதே அவை குறையவும் செய்கின்றன. பாரம் குறைந்தது மட்டுமே காரணம் என்றால், பிளேட் இருக்கும்வரை அவை நீடிக்க வேண்டுமே?

இதே முரணைப் பிடித்துக்கொண்டு போனவர் சுவிட்சர்லாந்தின் ஸ்டெஃபான் பெரன். டாவோஸ் ஆய்வகத்தில் அவரும் சகாக்களும் செய்த சோதனைகள் 1988இல் கட்டுரையாக வந்தன. எலும்பின் மேலுறையிலிருந்து உள்ளே போகும் நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பிளேட் நசுக்குகிறது. ரத்தம் எட்டாத பகுதி இறந்துபோகிறது. நுண்துளைகள் தோன்றுவதும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் என்றார்கள். எலும்புக்கு அதிக பாரத்தை விட்டுக்கொடுக்கும் மென்மையான பிளேட்டுகள், எலும்போடு ஒட்டி உட்கார்ந்ததால் துளைகளைக் கூட்டவே செய்தன. எலும்பை அதிகம் தொடாதபடி அடிப்புறம் குடைந்த பிளேட்டுகளின் கீழ் துளைகள் குறைந்தன.

இறந்த எலும்பை உடல் அப்படியே விட்டுவைப்பதில்லை. அரிக்கும் செல்கள் சுரங்கம் தோண்டிக்கொண்டு முன்னே போக, கட்டும் செல்கள் பின்னாலேயே வந்து புது எலும்பால் நிரப்புகின்றன. தோண்டுவது சில வாரங்களில் முடிந்துவிடும்; நிரப்ப மாதங்கள் ஆகும். குழாய் பதிக்கத் தோண்டிய தெருவைப்போல, இடைப்பட்ட காலத்தில் எங்கும் பள்ளமாகத்தான் இருக்கும்.

பாரம் குறைவதன் பங்கை இன்றும் யாரும் முழுதாகத் தள்ளிவிடவில்லை. நெடுநாள் தங்கும் விறைப்பான பிளேட்டில் அதற்கும் இடமுண்டு. ஆனால் ரத்த ஓட்டத்தைக் காக்கும் எண்ணம் பிளேட்டின் வடிவத்தையே மாற்றியது. எலும்பைக் குறைவாகத் தொடும் பிளேட்டுகளும், எலும்பின் மேல் அழுந்தாமலே பிடித்துநிற்கும் லாக்கிங் பிளேட்டுகளும் வந்தன.

எலும்பு நலிவதன் காரணத்தை நோயாளியிடமும் சொல்ல வேண்டும் என்பேன். பாரம் தூக்காதே என்ற கட்டளை மட்டும் கேட்டவர், வலி போனதும் அதை மறந்துவிடுவார். தோண்டிய இடத்தை எலும்பு இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கிறது என்று அறிந்தவர், அது முடியும்வரை பொறுத்திருப்பார்.