ஆடுகிற கலம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நிற்கும்போது குஞ்சியப்புவின் முகம் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. கால்கள்தான் வரும். மடித்துக் கட்டிய சாரம், அகல வைத்த இரண்டு பாதங்கள், சீமெந்தைக் கவ்விப் பிடிக்கப் பார்க்கும் பெருவிரல்கள். குமுதினிப் படகு ஆடிக்கொண்டு நிற்கும். அவரும் ஆடிக்கொண்டு நிற்பார். ஏறிய பிறகு எல்லோரும்தான் ஆடுவோம். வாத்தியாரும் மரக்கறிக் கூடைக்காரியும் கச்சேரிக் கிளாக்கரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வருவார்கள். அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் குஞ்சியப்புவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தரையில் இறங்கினால் தொடங்கிவிடும். "விடியக்காத்தாலையே போட்டிட்டு வாறார்" என்று ஒருவர். "பனை இருக்கிற ஊரிலை வேறை என்ன நடக்கும்" என்று இன்னொருவர். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். பவளக்கல் வேலியைப் பிடித்துப் பிடித்து நடப்பார். நெடுந்தீவின் அந்த வேலிகளுக்குச் சாந்து கிடையாது, கல்லின் மேல் கல் வைத்ததுதான். அவருடைய கை பட்டுப் பட்டு எங்கள் ஒழுங்கையில் மேல்வரிக் கற்கள் சில வழவழவென்று ஆகிவிட்டன.

ஒருநாள் கேட்டேன். "தலை சொல்லுறதைக் கால் கேக்குதில்லையோ குஞ்சியப்பு?"

"கேக்குதடா. பிந்திக் கேக்குது."

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் 'பிந்தி'யின் கனம் அன்று எனக்குத் தெரியவில்லை.

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தபோது புத்தகத்தில் கலம், கலம் என்று வந்துகொண்டே இருந்தது. தமிழ்நாட்டில் செல் என்பார்கள். எங்களுக்குக் கலம். தீவுப் பிள்ளைக்குக் கலம் என்றால் முதலில் வள்ளம், பிறகு பானை, அதற்குப் பிறகுதான் நுணுக்குக்காட்டி. நரம்புக்கலம் என்று வாசித்தபோது நரம்பால் கட்டிய வள்ளம் ஒன்றுதான் என் மனதில் மிதந்தது. இன்றைக்கும் அது முழுதாகப் போய்விடவில்லை. போகவும் வேண்டாம். உள்ளே ஏறக்கூடாதது ஏறாமல் பார்த்துக்கொள்வதுதானே இரண்டுக்கும் வேலை.

ஏறக்கூடாத சாமான்களில் முதலாவது கல்சியம். கலத்துக்கு வெளியே இருக்கும் செறிவு உள்ளே இருப்பதைப்போலப் பத்தாயிரம் மடங்கு. எங்கள் சுண்ணாம்புக்கல் தரைக்குக் கல்சியத்தைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆச்சியின் கேத்திலுக்குள் வெள்ளைப் படை விரலளவு படிந்திருக்கும். பழப்புளியைக் கரைத்து ஊற்றி ஒரு இரவு வைத்துவிட்டுக் காலையில் சிரட்டையால் சுரண்டுவா. அந்தக் கிணற்றுத் தண்ணியில் பருப்பு லேசில் அவியாது. லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற வைத்தியர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரில் கரைசல் செய்தபோது துடிப்பு நின்றுபோனது. முன்பு துடித்ததற்குக் காரணம் உதவியாளர் குழாய்த் தண்ணியில் கலக்கியிருந்ததுதான். தண்ணியில் இருந்த கல்சியம் செய்த வேலை அது என்று அவர் எழுதியது 1883இல். ஆச்சி சுரண்டி எறிந்த சாமானும் இதே கல்சியம்தான்.

பின்மண்டையில், பெருமூளைக்குக் கீழே ஒதுங்கிக் கிடப்பது சிறுமூளை. அதன் பெரிய கலத்துக்குப் பேர்க்கின்ஜி கலம் என்று பெயர், 1837இல் அதை விவரித்த செக் நாட்டுக்காரரின் பெயர். மனிதனிடம் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி உண்டு. படத்தில் பார்த்தால் விரித்துக் காயவைத்த பனையோலைதான்: முன்னால் அகலம், பக்கவாட்டில் தகடு. இப்படி ஓலைகள் அடுக்கடுக்காக நிற்க, பெட்டி இழைக்கும்போது குறுக்கோலை போவதுபோல மெல்லிய நார்கள் ஊடே போகின்றன. ஒரு கலத்தை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நார்கள் தொடுகின்றன. இவை தவிர, கொடிபோல ஏறிச் சுற்றிக்கொள்ளும் நார் ஒன்றே ஒன்று. செக்கனுக்கு ஒரு தரம் அளவில் அது அதட்டும். அதட்டும்போது ஓலை முழுவதும் கல்சியம் பாயும். அந்நேரம் பேசிக்கொண்டிருந்த குறுக்கு நார்களின் பிடி தளர்ந்துபோகும். இந்தத் தளர்வை மசாவோ இட்டோ 1982இல் காட்டினார். பிழையான அசைவை உடம்பு மறக்கிற விதம் இது என்பது அவர் கருத்து. படகுப் பலகையில் முதல்முறை ஏறும் பிள்ளை வழுக்குவதும், பத்தாம் முறை கையில் சோற்றுப் பார்சலோடு ஏறுவதும் இந்த வேலையால்.

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடல் கடக்கும் மிதவையின் பெயரே 'பாதை'. "பாதை வந்திட்டுதோ?" என்று கேட்பதைக் கேட்டு வெளியூரார் சிரிப்பார்கள். பாதை வரும், ஏற்றும், போகும். இல்லாத நேரம் கரையில் நிற்கவேண்டியதுதான். கலத்தின் தோலில் கல்சியத்துக்கு இருப்பதும் அப்படி ஒரு பாதை. மின்னழுத்தம் ஏறினால் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு திறந்து மூடும். பேர்க்கின்ஜி கலத்தில் அதிகம் இருக்கும் வகைக்கு, 1989இல் கண்டவர்கள் அந்தப் பெயரின் ஆங்கில முதலெழுத்தையே வைத்து 'பி' வகை என்றார்கள்.

ஆள் ஏறாவிட்டாலும் துறையில் நின்று 'டுக் டுக்' என்று அடிக்கும் வள்ள மெசின் மாதிரி, பேர்க்கின்ஜி கலம் யாரும் கேளாமலே செக்கனுக்குப் பல பத்துத் தரம் அடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அடிக்கும் சோடியம் உள்ளே வந்து அழுத்தத்தை ஏற்றும். அதைப் பார்த்துக் கல்சியப் பாதை திறக்கும். கல்சியமும் ஏற்றிவிடத்தான் வருகிறது என்று நினைப்போம். அது உள்ளே வந்து பொட்டாசிய வாசல்களைத் தட்டித் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேற அழுத்தம் இறங்குகிறது, கலம் அடுத்த அடிக்குத் தயாராகிறது. அடிக்கு அடி இடைவெளி பிசகாமல் இருப்பது இதனால்தான். சிறுமூளையின் மேற்பட்டையிலிருந்து வெளியே போகும் ஒரே குரல் பேர்க்கின்ஜி கலத்தினுடையது. அது சொல்வதும் ஒரே சொல்: பொறு. அந்தப் 'பொறு' பிசகினால் கால் முந்தும், அல்லது பிந்தும்.

பிந்திக் கேக்குது.

வலையில் பேத்தை மீன் ஏறினால் பெரியவர்கள் வைதுகொண்டே எறிவார்கள். நாங்கள் குச்சியால் தட்டித் தட்டி அது ஊதிப் பந்தாவதைப் பார்ப்போம். "தொட்ட கையை வாயிலை வைக்காதை!" என்று கத்துவா ஆச்சி. அந்த மீனின் நஞ்சு சோடிய வாசலை அடைக்கிறது என்று ஆய்வுகூடத்தில் தெரியவந்தது 1964இல். 1980இல் லினாஸ், சுகிமோரி என்ற இருவர் கினிப் பன்றியின் சிறுமூளைத் துண்டில் அதே நஞ்சை விட்டார்கள். சோடியத் துடிப்புகள் அடங்கின. அடங்கிய பிறகு, ஓலைப் பக்கமிருந்து மெதுவான, பருத்த துடிப்புகள் எழும்பின. அவை கல்சியத்தின் துடிப்புகள். இரைச்சல் நின்ற பிறகுதான் உள்ளே இன்னொரு மெசின் ஓடியது கேட்டிருக்கிறது. நாங்கள் கரையில் எறிந்த மீனைப் பற்றி இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆய்வுகூடங்களில் 'தள்ளாடி' என்றே பெயர் பெற்ற எலி வம்சம் ஒன்று உண்டு. பி வகைப் பாதைக்கான மரபணுவில் பழுது. மனிதரில் அதே மரபணு பழுதானால், விட்டுவிட்டு வரும் தள்ளாட்டம் வருவதை 1996இலும், ஆண்டுக்கு ஆண்டு கூடும் தள்ளாட்டம் வருவதை 1997இலும் கண்டார்கள். முதல் வகைக்கு அசெற்றசோலமைட் என்ற பழைய மாத்திரை பலருக்கு நன்றாகக் கேட்கும். தமிழ்நாட்டில் ஒரு தமிழ்ச் சமூகத்தில் நூற்றுக்கு ஏழு பேரளவில் எஸ்சிஏ 1 என்ற பரம்பரைத் தள்ளாட்டம் இருப்பதை 2005இல் பதிவு செய்தார்கள். அங்கே பழுதாவது வேறு மரபணு. ஆனால் அந்த நோயை ஏற்றிய எலிகளில், பேர்க்கின்ஜி கலங்கள் சாக முன்பே கல்சியத்தைக் கையாளும் மரபணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. பெங்களூரில் வத்சலா திருமலையின் ஆய்வுகூடம் கண்ணாடிபோலத் தெளிந்த வரிமீன் குஞ்சுகளில் இதே கலத்தைப் பார்க்கிறது. மின்னழுத்தம் மாறினால் அது சீராக அடிப்பதை விட்டுக் கொத்துக்கொத்தாக அடிக்கும் என்று 2015இல் எழுதினார்கள்.

குஞ்சியப்புவுக்கு இருந்தது எது? யாரும் இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், பெயர் வேண்டாம், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலை நிமிராமலே "குடியை விடுங்கோ ஐயா" என்று எழுதுகோலை மூடினார். குதியும் விரலும் முட்ட ஒரு கோட்டில் நாலடி நடக்கச் சொல்லியிருக்கலாம். விரலால் மூக்கைத் தொடச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடமும் ஆகாது. "தேப்பனுக்கும் இப்பிடி இருந்ததோ?" என்று கேட்டிருக்கலாம். இருந்தது. அவரையும் ஊர் குடிகாரன் என்றுதான் புதைத்தது. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கள்ளு ஏறினால் தள்ளாட வைப்பதும் பெரும்பாலும் இதே சிறுமூளைதான். ஊர் வாய் இடத்தைச் சரியாகப் பிடித்தது. காரணத்தில்தான் பிழைவிட்டது.

திரும்பி வந்த படகில் கடல் கொந்தளிப்பு. கிளாக்கர் என் தோளைப் பிடித்தார், நான் கூடைக்காரியின் கூடையைப் பிடித்தேன். குஞ்சியப்பு பின்னால் மெசின் மூடியில் சாய்ந்தபடி கையைத் தட்டையாக அதன்மேல் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இடையிலை ஒண்டு விட்டு அடிக்குது" என்றார். மெசின்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். உண்மைதான்.

அவர் வாழ்நாளில் கள்ளைத் தொட்டதில்லை, அந்த மணமே அவருக்கு ஆகாது. குடித்ததெல்லாம் ஆச்சியின் கேத்தில் தேத்தண்ணி, நாளுக்கு ஆறு தரம், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு.