ஏகமனதும் எல்லைக்கோடும்

சட்டசபை என்றவுடன் கூச்சலும் வெளிநடப்பும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருகின்றன. ஆனால் ஒரு சபையின் யோக்கியதையை அறிய விரும்புவோர் அதன் சாதாரண நாள் ஒன்றைப் பார்க்க வேண்டும். எடின்பரோ நகரில் ஹோலிரூட் என்னுமிடத்தில் கூடும் ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டு இதற்குத் தக்க உதாரணம்.

1707-ம் ஆண்டில் இங்கிலாந்துடன் இணைந்தபோது ஸ்காட்லாந்து தன் பார்லிமெண்டை இழந்தது. 1997-ல் ஜனங்களின் வாக்கைக் கேட்டறிந்து, 1998-ல் லண்டன் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்ற, 1999-ல் எடின்பரோவில் மீண்டும் ஒரு சபை கூடிற்று. அங்கத்தினர் 129 பேர். கல்வி, சுகாதாரம், நீதி பரிபாலனம் முதலியவை அவர்கள் வசம். ராணுவமும் அயல்நாட்டு விவகாரமும் லண்டன் வசம். 1919-ம் வருஷச் சீர்திருத்தத்தில் 'ஒதுக்கப்பட்டவை', 'மாற்றப்பட்டவை' என்று நம் சென்னை மாகாணத்துக்கு இலாகாக்களை அளந்து கொடுத்ததும் அதே லண்டன் பார்லிமெண்டுதான். எனவே இந்தப் பங்கீட்டின் ருசி நமக்குப் புதிதன்று.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் சபை கூடியதும் வெளியார் ஒருவர் சில நிமிஷம் தியான உரை நிகழ்த்துகிறார். அவர் எந்த மதத்தினராகவும் இருக்கலாம். மதமே இல்லாதவராகவும் இருக்கலாம். பின்னர் கேள்விகள், மந்திரியின் அறிக்கை, விவாதம். அன்றைய பிரேரணைகள் எல்லாவற்றுக்கும் வழக்கமாக மாலை ஐந்து மணிக்கு ஒருங்கே வாக்கெடுப்பு நடக்கிறது. மின்னணு முறையில் வாக்களிப்பதுடன் காரியம் முடிகிறது. அதன் பிறகும் சாதாரண அங்கத்தினர் ஒருவர் தம் தொகுதியின் குறையையோ, தாம் முக்கியமெனக் கருதும் விஷயத்தையோ எடுத்துரைக்கிறார். அதற்கு வாக்கெடுப்பு இல்லை. ஆயினும் மந்திரி எழுந்து பதில் சொல்கிறார்.

2021 மார்ச் 16-ந் தேதி செவ்வாய்க்கிழமை, இந்தச் சபை குழந்தைகளின் உரிமைகளைப் பற்றிய மசோதா ஒன்றை ஏகமனதாக நிறைவேற்றியது. ஐக்கிய நாடுகள் சபை 1989-ல் வகுத்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஸ்காட்லாந்தின் சட்டமாக்குவதே அதன் நோக்கம். எதிர்த்து ஒரு வாக்குமில்லை. ஆனால் லண்டன் சர்க்காரின் சட்ட அதிகாரிகள் அதைச் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டு போனார்கள். அவ்வாண்டு அக்டோபர் 6-ந் தேதி, மசோதாவின் சில பகுதிகள் சபையின் அதிகார எல்லையைக் கடந்தவை என்று தீர்ப்பாயிற்று. ஸ்காட்லாந்துக்காகச் சட்டம் இயற்றும் லண்டன் பார்லிமெண்டின் அதிகாரத்தை எடின்பரோ குறைக்கக்கூடாது என்பதே காரணம். குழந்தைகளின் நலத்தைக் கோர்ட்டு மறுக்கவில்லை; வேலி எங்கே இருக்கிறது என்று காட்டிற்று.

சபை மசோதாவைக் கைவிடவில்லை. திருத்தி, 2023 டிசம்பர் 7-ந் தேதி மீண்டும் ஏகமனதாக நிறைவேற்றியது. 2024 ஜூலை 16 முதல் அது அமுலுக்கு வந்தது. ஆனால் இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. எடின்பரோ இயற்றிய சட்டங்களின்படி நடக்கும் காரியங்களை மட்டுமே புதிய சட்டம் கட்டுப்படுத்தும். ஸ்காட்லாந்துப் பள்ளிகளுக்கு ஆதாரமான 1980-ம் வருஷக் கல்விச் சட்டமோ லண்டனில் பிறந்தது. ஆகவே அச்சட்டத்தின்படி பள்ளி நிர்வாகத்தார் செய்யும் காரியங்கள் இதன் நிழலுக்கு வெளியே நிற்கின்றன. பிள்ளைகளோடு பொழுது போக்கும் நமக்கு இது சுருக்கென்று தைக்கிறது.

பிறர் கொடுத்த அதிகாரம் பிறர் பிடியிலேயே இருக்கும் என்று இதிலிருந்து சிலர் முடிவு கட்டலாம். அதில் உண்மையுண்டு. ஆனால் கல்வி எடின்பரோவின் இலாகா ஆதலால், அந்தப் பழைய சட்டத்தைத் தன்னுடையதாகத் திரும்ப இயற்றிக்கொள்ள அச்சபைக்கு உரிமை உண்டு. அளந்து கொடுத்த அதிகாரத்தில் கடைசி அங்குலத்தையும் பயன்படுத்திய பிறகே மேலும் கேட்பவனுடைய குரலுக்கு வலு ஏறும் என்பது நமது அபிப்பிராயம். அந்த அங்குலம் இன்னும் ஹோலிரூட் சபையின் முன்னே கிடக்கிறது.