எழுதுகோலும் கதவு தட்டும் ஓசையும்

மாய நாடுகளையும் அரக்கர்களையும் பற்றிக் கதை புனைவோர் வேலையற்றவர்கள் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். குருமடத்தில் பயின்ற நாள்களில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஜே. ஆர். ஆர். டோல்கியன் என்ற ஆங்கில எழுத்தாளரின் வாழ்க்கையை வாசித்த பின்னரே அவ்வெண்ணம் அகன்றது.

அவருடைய தாய் மேபல் 1900-இல் கத்தோலிக்க மறையைத் தழுவினார். அதனால் உறவினரின் உதவியை இழந்தார். 1904-இல் அத்தாய் இறந்தபோது டோல்கியனுக்கு வயது 12. அவரையும் அவருடைய தம்பியையும் பர்மிங்காம் நகரின் ஒரட்டரி சபைக் குருவான பிரான்சிஸ் மோர்கன் அடிகளார் காப்பாளராயிருந்து ஆளாக்கினார்.

பிற்காலத்தில் டோல்கியன் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். நான்கு பிள்ளைகள், ஊதியம் போதவில்லை. கோடை விடுமுறைகளில் பள்ளித் தேர்வுத்தாள்களைத் திருத்திப் பொருள் ஈட்டினார். ஒரு மாணவன் எழுதாது விட்ட வெற்றுப் பக்கத்தில் அவர் கிறுக்கிய ஒற்றை வரியே, பின்னர் 'தி ஹாபிட்' என்னும் நூலாக விரிந்து 1937-இல் வெளிவந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் பெருநூலைத் தொடங்கினார். அதை எழுதி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இடையே போர், விமானத் தாக்குதல் காவற்பணி, விரிவுரைகள். ஒரு கட்டத்தில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் கதை நகரவேயில்லை. கூலி கொடுத்துத் தட்டச்சு செய்விக்க வசதியின்மையால், அத்தனை பக்கங்களையும் தாமே மீண்டும் மீண்டும் தட்டச்சு செய்தார். முதலில் நிலப்படத்தை வரைந்துகொண்டு, அதற்கு இணங்கக் கதையை நடத்தினார். நிலவின் பிறைக் கணக்குப் பிசகியதைக் கண்டு, எழுதியவற்றைத் திருத்தினார். கட்டுக்கதைக்கு எதற்கு இத்தனை கணக்கு என்று கேட்கலாம். இல்லாத நாட்டை வாசகர் நம்ப வேண்டுமானால், அங்கே நிலவு முறைப்படி தேய்ந்து வளரத்தானே வேண்டும்! தீய மோதிரம் அழியும் நாளாக அவர் குறித்தது மார்ச் 25, நம் மங்கள வார்த்தைத் திருநாள். கதையில் எங்கும் அதை அவர் விளக்கவில்லை.

இந்நூல் தம் வாழ்நாளில் முடியுமோ என்ற கலக்கம் அவரை வாட்டியது. அக்கலக்கத்திலிருந்து பிறந்த ஒரு சிறுகதை 1945-இல் 'டப்ளின் ரிவியூ' என்ற கத்தோலிக்க இதழில் வெளிவந்தது. நிக்கிள் என்னும் ஓவியர் பெரியதொரு மரத்தை வரைய முயல்கிறார். அண்டை வீட்டுக்காரரோ ஓயாது இடையூறு செய்கிறார். கால் ஊனமுற்ற அவருக்காக, கொட்டும் மழையில் ஓவியர் முணுமுணுத்தவாறே மருத்துவரை அழைக்கச் செல்கிறார், படம் முற்றுப்பெறவில்லை. மறுவுலகில் அம்மரம் உயிருடன் நிற்கக் காண்கிறார். அதன் மிக அழகிய இலைகள் சில, அந்த அண்டை வீட்டுக்காரரின் துணையால் உருவானவையாகத் தெரிகின்றன. அவர் பெயர் 'பாரிஷ்'. ஆங்கிலத்தில் 'பங்கு' என்பதற்கும் அதுவே சொல்!

இவ்விடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கொண்டு எங்கள் பங்கின் வரலாற்றை ஒன்பது ஆண்டுகளாக எழுதி வருகிறேன். ஓர் இரவு, தாய்க்கு நோயில்பூசுதல் வேண்டி ஒருவர் வந்தார். "இதோ வருகிறேன்" என்று கூறிவிட்டு, எழுதிக்கொண்டிருந்த பத்தியை முடித்த பின்னரே எழுந்தேன். கால் மணி நேரம் இருக்கலாம். நான் சென்றபோது அம்மூதாட்டிக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. எண்ணெய் பூசினேன், பாவசங்கீர்த்தனம் கேட்க இயலவில்லை. மகன் என்னை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அதன்பின் பல மாதங்கள் அந்தக் குறிப்பேட்டை நான் திறக்கவில்லை.

ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்த பின், அவருடைய மகனே பேச்சுவாக்கில் கூறினார்: பழைய கோயில் எழும்பியபோது சிறுமியாயிருந்த தம் தாய், ஆற்றிலிருந்து தலைச்சுமையாய் மணல் கொண்டுவந்தாராம். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத செய்தி. அன்றிரவே அதை எழுதி வைத்தேன். எத்தனை நடை நடந்தார், கூட யார் யார் வந்தனர் என்று கேட்டேன்; மகனுக்குத் தெரியவில்லை.