குடியம் குகைக்கு எந்த ஷூ?

வேப்பம்பட்டில் ரயில் ஏறி திருவள்ளூரில் இறங்கினால், பூண்டி வழியாக குடியம் போகலாம். கற்கால மனிதர்கள் ஒதுங்கிய பாறைக் குகைகள். 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் இதுவும் ஒன்று.

'கொஞ்ச தூரம்தானே' என்று தேய்ந்த ரன்னிங் ஷூவோடு கிளம்பினேன். கூழாங்கல் வழுக்கியது, முள் அடிப்பாகத்தைத் துளைத்து காலில் ஏறியது. நொண்டிக்கொண்டேதான் திரும்பினேன்.

கல், முள் பாதைக்கு, தடித்த, நல்ல பிடிப்புள்ள அடிப்பாகம் வேண்டும். நாகலாபுரம் போல ஓடையில் இறங்கும் இடங்களுக்கு, பின்பட்டை வைத்த, சீக்கிரம் காயும் சாண்டல் போதும். 14 கி.மீ. திருவண்ணாமலை கிரிவலத்தை வெறுங்காலில் சுற்றுபவர்கள், தார் சுடாத இரவில் நடப்பது நல்லது.

ஷூவை மாலையில் வாங்குங்கள். கால் சற்று வீங்கியிருக்கும். சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருந்தால், இறக்கத்தில் நகம் தப்பும். புது ஷூவை ஒரு வாரம் ஸ்டேஷன் வரை நடந்து பழக்கிவிட்டு, பிறகு மலைக்குக் கிளம்புங்கள்!