இந்நான்கெல்லைக்கும் உட்பட்டது

பழைய நகரங்களைக் காணச் செல்வோர்க்கென இக்காலத்தில் ஒரு விளையாட்டு வகுக்கப்பட்டிருக்கிறது. கையில் ஒரு தாள்; அதிற் சில துப்புக்கள்; அவற்றைக் கொண்டு தெருத்தெருவாய் அலைந்து, குறித்த பொருள்களைக் கண்டுபிடித்தல் வேண்டும். காலிக் கோட்டையில் அதனை நடத்துவோர் ‘சேவலைத் தேடுக’ என்று எழுதினாற் போதும். பழைய வாயிலின் உட்புறத்தே, 1669 என்ற ஆண்டுடன் ஒல்லாந்தக் கொம்பனியின் இலச்சினையும் அதன்மேல் ஒரு சேவலும் செதுக்கப்பட்டுள்ளன. ஊரின் பெயர் சேவலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லோடு ஒலியொத்திருந்தமையே அதற்குக் காரணம் என்பர். தேடுவோன் அரைமணி நேரம் வழிதவறினாலுங் கேடில்லை. சேவல் அங்கேயே இருக்கும். துப்பை எழுதியவருக்கு விடையுந் தெரியும்.

மயிலிட்டியில் 2017 யூலை 3 ஆம் திகதிக்குப் பின்னர் நிகழ்ந்த தேடலில் இவ்விரண்டும் இருக்கவில்லை.

காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே வடகடலை நோக்கிக் கிடக்கும் இவ்வூர் ஒரு காலத்தில் மீன்பிடித் துறைமுகத்தினாலும் காசநோய் வைத்தியசாலையினாலும் குடாநாடெங்கும் அறியப்பட்டிருந்தது. 1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது ஊர் முழுவதும் வெளியேறிற்று. பின்னர் அது உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின் துறைமுகமும் அதனைச் சார்ந்த 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டபோது திரும்பி வந்தவர்களுக்கு முன்னே நின்றது பற்றைக்காடு. ஒழுங்கைகள் இல்லை, வேலிகள் இல்லை. கிளுவையும் பூவரசும் கதியாலாய் நின்ற காலத்தில் எல்லை காட்டின. கவனிப்பாரற்ற காலத்தில் அவையே காடாகி எல்லையை விழுங்கின.

ஆகவே அவர்கள் கையிலிருந்த துப்புத்தாள் காணியுறுதி ஒன்றே.

யாழ்ப்பாணத்து உறுதி வாசித்துச் சுவைத்தற்குரிய ஓர் இலக்கியம் என்றாற் சிலர் நகைக்கக்கூடும். காணிக்குப் பெயருண்டு. வளவு, கலட்டி, அடைப்பு, புலம், சீமா என முடியும் அப்பெயர்களிற் பல ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் வரை பின்னோக்கிச் செல்வன. விஸ்தீரணம் பரப்பிலும் குழியிலும் கூறப்படும். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். கிணற்றிற் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்பன தொடரும். அனைத்திலும் முக்கியமானது நான்கெல்லை. கிழக்கு இன்னார் காணி, வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னார் மனைவி காணி, தெற்கு இன்னார் பிள்ளைகள் காணி என்று அது செல்லும். கல்லையும் மரத்தையும் நம்பாது மனிதரை நம்பி எழுதப்பட்ட எல்லை அது. 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமையே காணி விற்பனைக்கு முன்னறிவித்தலை வற்புறுத்திய சமூகத்தில் இதில் வியப்பில்லை. ஆயின், அயலவர் அனைவரும் ஒரே நாளில் ஓடிப்போவர் என்பதை எந்த நொத்தாரிசும் எண்ணியிருக்க மாட்டார்.

விடுவிப்புக்குப் பின்வந்த நாள்களில், எண்பதை அண்மித்த முதியவர் ஒருவர் தம் பேத்தியுடன் அங்கு வந்தார். கையிற் பொலித்தீன் உறையிலிட்ட உறுதி. கடலோசையை வைத்து வடக்கைத் துணிந்தார். வீட்டை அவர் தேடவேயில்லை, கிணற்றையே தேடினார். அதிலே அனுபவ ஞானம் உண்டு. ஆறற்ற இக்குடாநாட்டில் சுண்ணாம்புக் கற்பாறையை உடைத்தே கிணறு தோண்டுவர். வீட்டைத் தரைமட்டமாக்கலாம், பாறையிற் குடைந்த பள்ளத்தை அவ்வளவு எளிதில் இல்லாமற் செய்ய இயலாது. தூர்த்தாலும் தடம் இருக்கும்.

மாலைக்குள் ஒரு கிணறு அகப்பட்டது. துலாக்காலின் அடி ஒன்று முறிந்து நின்றது. கட்டின் உட்புறத்தே ஆலங்கன்று முளைத்திருந்தது. முதியவர் நீண்ட நேரம் குனிந்து பார்த்தார்.

“எங்கட கிணறோ, அம்மப்பா?”

“பங்குக் கிணறு பிள்ளை. மூண்டு பேருக்குப் பங்கு. வீடு இதுக்குக் கிழக்காலயோ மேற்காலயோ எண்டுதான் பிடிபடுதில்லை.”

துப்பு விடையாகும் இடத்திலே புதிய வினாவாயிற்று. கிணறு மூவர்க்குரியதாகையால் அது எவருடைய முற்றத்தையும் தனித்துக் காட்டவில்லை. மறுநாள், பற்றை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் உறுதியிலிருந்த மேற்கெல்லைப் பெயரைக் கேட்டு நிமிர்ந்தாள். அது அவளுடைய பாட்டியின் பெயர். அவளிடமும் ஓர் உறுதி இருந்தது. அதில் அவளுடைய கிழக்கெல்லையாய் எழுதப்பட்டிருந்தது முதியவரின் தந்தை பெயர். இரண்டு தாள்களும் கிணற்றுக்கட்டின்மேல் அருகருகே விரிக்கப்பட்டன. தொலைந்த வீட்டின் அத்திவாரம் அதன்பின் ஒரு மணித்தியாலத்துக்குள் வெளிப்பட்டது.

சுற்றுலாத் தேடலில் முந்திக் கண்டவர் வெல்வார். இங்கோ அயலான் வராதவரை எவரும் வெல்வதற்கில்லை. மயிலிட்டித் துறைமுகம் 2019 இல் புனரமைக்கப்பட்டுத் திறந்து வைக்கப்பட்டது. அயலவரைச் சேர்க்கும் பணிக்குத் திறப்புவிழா இல்லை. ஒருவர் முகாமில் இறந்தார், இன்னொருவர் கனடாவிலிருக்கிறார், வேறொருவரின் உறுதியே எரிந்துபோயிற்று என்றால், எல்லைச் சங்கிலியில் அவ்விடம் அறுந்துவிடும். வலிகாமம் வடக்கில் இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும் உள்ளன. அவற்றின் உரிமையாளரும் எவரோ ஒருவருடைய உறுதியில் வடக்கெல்லையாகவோ தெற்கெல்லையாகவோ எழுதப்பட்டவர்களே.

முதியவரின் காணிக்கு நில அளவையாளர் மூன்று பக்கங்களிற் கல் நாட்டினார். தெற்குப் பக்கத்துக் குடும்பத்தைப் பற்றிய தகவல் எதுவும் கிடைக்கவில்லை. அப்பக்கத்தில் வேலி அடைப்பதற்கு முதியவர் சம்மதிக்கவில்லை. அவர்கள் வந்தபின் சேர்ந்து பிடிக்கலாம் என்று நூல்கயிற்றைச் சுற்றிக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டார்.